கருந்திட்டுகளுக்குத் தாவரச் சேர்மங்களைப் பயன்படுத்தும் முறை

தாவரங்களிலிருந்து கிடைக்கும் சேர்மங்களில் சில தோலின் நிறமியைக் குறைக்கின்றன; சில அதைக் கூட்டுகின்றன. ஒரே விதைக்குள் இரண்டு வகையும் சேர்ந்திருப்பதும் உண்டு. எனவே ‘மூலிகைதானே, என்ன செய்துவிடும்’ என்ற நம்பிக்கையில் இலையையோ பழச்சாற்றையோ முகத்தில் பூசுவதற்கு முன், எந்த மூலக்கூறு, எவ்வளவு செறிவில், நிறமி உருவாகும் பாதையின் எந்தக் கட்டத்தில் வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வழிகாட்டி, தோலில் புதிதாகத் தோன்றிய கருந்திட்டுகளை மட்டுப்படுத்த விரும்புவோருக்காக எழுதப்படுகிறது. பிறவியில் அமைந்த நிறத்தை மாற்றுவது இதன் நோக்கமன்று. எந்தத் தாவரச் சேர்மமும் அதைப் பாதுகாப்பாகச் செய்வதில்லை, செய்ய வேண்டிய தேவையும் இல்லை.

நிறமி உருவாகும் பாதை

மேல்தோலின் அடியடுக்கில் மெலனோசைட் என்னும் நிறமிச் செல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு மெலனோசைட்டும் தன் கிளைகளைச் சுற்றிலும் நீட்டி, மேல்தோலின் பெரும்பகுதியாக அமைந்த கெரட்டினோசைட் செல்களில் ஏறத்தாழ 36-க்கு நிறமியை வழங்குகிறது. இந்தச் செல்களின் எண்ணிக்கை கறுத்த தோலிலும் வெளுத்த தோலிலும் பெரும்பாலும் ஒன்றே. அவை உருவாக்கும் மெலனோசோம் என்ற நுண்பைகளின் அளவும், எண்ணிக்கையும், அவை பரவியிருக்கும் விதமுமே நிறத்தைத் தீர்மானிக்கின்றன.

மெலனோசோமுக்குள் டைரோசின் என்ற அமினோ அமிலத்தை டோப்பாகுயினோன் என்ற பொருளாக மாற்றும் நொதிக்கு டைரோசினேஸ் என்று பெயர். அதன் மையத்தில் இரண்டு செம்பு அணுக்கள் உள்ளன. இந்த முதல் மாற்றம் நிகழ்ந்துவிட்டால், பிற்பாடு கரும்பழுப்பு யூமெலனினோ செம்மஞ்சள் ஃபியோமெலனினோ உருவாவது எளிதாக நடந்துவிடும். ஆகையால்தான் நிறமியைக் குறைக்க முயலும் பெரும்பாலான சேர்மங்கள் டைரோசினேஸையே குறிவைக்கின்றன. அதற்கு முன்பாகவே, புற ஊதாக் கதிர் பட்டுச் சேதமடைந்த கெரட்டினோசைட்டுகள் அனுப்பும் ஹார்மோன் செய்திகளைத் தணிக்கவும் வழியுண்டு. உருவான நிறமி அண்டைச் செல்களுக்கு மாற்றப்படுவதைத் தடுக்கலாம். நிறமி ஏறிய செல்கள் விரைவில் உதிர்வதற்குத் துணைசெய்யலாம்.

மேல்தோல் தன்னை முழுமையாகப் புதுப்பித்துக்கொள்ள நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகின்றன. வயது ஏற ஏற இந்தக் காலம் நீளும். ஏற்கெனவே நிறமி ஏறிய செல்களை டைரோசினேஸ் தடுப்பான் எதுவும் செய்வதில்லை. புதிதாக உருவாகும் நிறமியைத்தான் அது குறைக்கிறது. எனவே பூசத் தொடங்கி எட்டு முதல் பன்னிரண்டு வாரங்களுக்கு முன்னால் நேர்மையான முடிவு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஒரே வாரத்தில் பளிச்சென்று நிறம் மாறினால் மகிழ்வதற்குப் பதிலாகச் சந்தேகப்பட வேண்டும்; அந்தச் சந்தேகத்துக்கான காரணம் பின்னால் வருகிறது.

முதலில் திட்டை அடையாளம் காணுதல்

இரு கன்னங்களிலும் நெற்றியிலும் மேலுதட்டிலும் சமச்சீராகப் படரும் பழுப்புத் திட்டு பெரும்பாலும் மங்கு. கருவுற்ற காலம், கருத்தடை மாத்திரை, வெயில், குடும்ப வழி ஆகியவை அதைத் தூண்டுகின்றன. பருவோ, தீக்காயமோ, அரிப்போ, பூச்சிக்கடியோ ஆறிய இடத்தில் அதே வடிவில் தங்கிவிடும் கருமை அழற்சிக்குப் பிந்தைய நிறமியேற்றம். நடுவயதுக்குப் பின் முகத்திலும் புறங்கையிலும் தெளிவான விளிம்போடு தோன்றும் தட்டையான புள்ளிகள் நெடுங்கால வெயிலின் விளைவு. தாவரச் சேர்மங்களுக்கு இவற்றில் நன்றாக இணங்குவது இரண்டாவது வகை. மங்கு குறையும், ஆனால் திரும்பத் திரும்ப வரும். வெயிற்புள்ளிகள் பூச்சுகளுக்கு அவ்வளவாக அசைந்துகொடுப்பதில்லை.

நிறமி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். மேல்தோலில் இருக்கும் நிறமி பழுப்பாகத் தெரியும். அதற்குக் கீழே உட்தோலுக்கு இறங்கிய நிறமி சாம்பல் அல்லது நீலம் கலந்து தெரியும். பின்னதை எந்தக் களிம்பும் எளிதில் எட்டாது. தோல் மருத்துவர் வுட்ஸ் விளக்கு என்ற புற ஊதா விளக்கின் ஒளியில் இந்த வேறுபாட்டை ஓரளவு கண்டறிவார்.

கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட்டுத் துணிபோலத் தடித்துக் கறுத்தால் அது பெரும்பாலும் உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்காததன் அறிகுறி; அங்கே எதைப் பூசினாலும் பயனில்லை, இரத்தச் சர்க்கரையைத்தான் பார்க்க வேண்டும். மினோசைக்ளின், அமியோடரோன் போன்ற மருந்துகளும் தோலைக் கருக்கச் செய்யும். வடிவம் மாறும், விளிம்பு சீரற்றிருக்கும், இரத்தம் கசியும், பல நிறங்கள் கலந்திருக்கும் மச்சத்தின் மீது எதையும் பூசாமல் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வெளிச்சத்தைத் தடுக்காமல் எதுவும் பலிக்காது

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகத் தோன்றும்; ஆனால் என் மதிப்பீட்டில் இதைவிட முக்கியமான படி வேறில்லை. பகலில் வெயில் மெலனோசைட்டைத் தூண்டிக்கொண்டேயிருக்க, இரவில் ஒரு தாவரச் சேர்மம் டைரோசினேஸைச் சற்றே தடுத்துக்கொண்டிருந்தால், வெல்வது வெயில்தான். காப்பு எண் 30-க்குக் குறையாத, புற ஊதா ஏ கதிரையும் தடுக்கும் சன்ஸ்கிரீனை ஒவ்வொரு நாளும் பூச வேண்டும். ஆய்வகத்தில் அந்த எண்ணைக் கணக்கிடும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். நடைமுறையில் பலரும் அதில் பாதியைக்கூடப் பூசுவதில்லை. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கிய அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் ஏறக்குறையப் போதுமானது. வெளியே இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும்.

மாநிறத்தவருக்கும் கருநிறத்தவருக்கும் இன்னொரு செய்தி உண்டு. கண்ணுக்குத் தெரியும் ஒளியும், குறிப்பாக அதன் நீலப்பகுதி, இவர்களுடைய தோலில் நீடித்த கருமையை உண்டாக்குகிறது. நிறமற்ற சன்ஸ்கிரீன்கள் பெரும்பாலும் அந்த ஒளியைத் தடுப்பதில்லை. இரும்பு ஆக்ஸைடு கலந்த, தோல் நிறச் சாயலுள்ள சன்ஸ்கிரீன் தடுக்கும். மங்கு உள்ளவர்கள் இந்த வகையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அகலமான விளிம்புள்ள தொப்பியும் குடையும் சேர்ந்தால் இன்னும் நல்லது.

எந்தச் சேர்மம், எதற்கு

இங்கே ஓர் எச்சரிக்கையோடு தொடங்க வேண்டியிருக்கிறது. ‘இந்தச் சாறு டைரோசினேஸைத் தடுக்கிறது’ என்று சொல்லும் ஆய்வுகளில் மிகப் பல, காளானிலிருந்து எடுத்த டைரோசினேஸை வைத்துச் சோதனைக் குழாயில் நடத்தப்பட்டவை. காளானின் நொதியும் மனித நொதியும் வடிவமைப்பில் வேறுபடுகின்றன. முன்னதை வலுவாகத் தடுக்கும் பொருள் பின்னதைப் பொருட்படுத்தும் அளவுக்குத் தடுக்காமல் போகலாம். அதோடு, குழாயில் வேலை செய்யும் பொருள் தோலின் மேலடுக்கைக் கடந்து மெலனோசைட்டை எட்டவும் வேண்டும். மூலக்கூற்று எடை 500 டால்டனுக்கு மேற்பட்டவை தோலைக் கடப்பது கடினம் என்பது மருந்தியலில் ஏற்கப்பட்ட பொது விதி. ஆகவே ஆய்வு மனிதத் தோலில் நடந்ததா என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

அந்த அளவுகோலில் முன்னால் நிற்பவற்றுள் ஒன்று அசெலாயிக் அமிலம். கோதுமை, பார்லி, கோதுமைக்கு உறவான ரை ஆகிய தானியங்களில் இது இயற்கையாக இருக்கிறது. தோலில் வாழும் ஒருவகை ஈஸ்ட்டும் இதை உருவாக்குகிறது. கடையில் கிடைப்பது ஆலையில் தயாரித்ததே. இது டைரோசினேஸை மிதமாகத் தடுப்பதோடு, அளவுக்கு மீறி இயங்கும் மெலனோசைட்டுகளையே அதிகம் பாதிக்கிறது; இயல்பான தோலை வெளுக்கச் செய்வதில்லை. பருவையும் அழற்சியையும் குறைப்பதால், பருக் கறைகளுக்கு இது இரட்டைப் பயன் தருகிறது. 20 விழுக்காட்டுக் களிம்பை நாளுக்கு இருமுறை 24 வாரங்கள் பூசிய ஆய்வில் மங்கு குறிப்பிடத்தக்க அளவில் குறைந்தது. முதல் சில வாரங்களில் கூச்சமும் எரிச்சலும் இருக்கும். கருவுற்றவர்களுக்கு மருத்துவர்கள் பரிந்துரைக்கத் தயங்காத மிகச் சில பூச்சுகளில் இதுவும் ஒன்று. எங்கிருந்து தொடங்குவது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஆர்புட்டின் என்பது, ஹைட்ரோகுயினோன் என்ற வலுவான நிறநீக்கி மருந்தோடு ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு இணைந்த சேர்மம். பேர்பெர்ரி என்ற குளிர்நாட்டுக் குறுஞ்செடியின் இலையில் மிகுதியாகவும், பேரி மரத்தின் இலையில் சிறிதளவும் இருக்கிறது. இயற்கையில் கிடைப்பது பீட்டா வடிவம். சீரங்களில் புகழ்பெற்ற ஆல்ஃபா ஆர்புட்டின் நொதிகளின் உதவியால் செயற்கையாக உருவாக்கப்படுவது. தோலில் வாழும் பாக்டீரியாக்கள் ஆர்புட்டினை உடைத்து ஹைட்ரோகுயினோனை விடுவிக்கக்கூடும் என்பதால், 2024-இல் ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு வரம்பு விதித்தது: ஆல்ஃபா ஆர்புட்டின் முகக் களிம்பில் 2 விழுக்காடு, உடல் லோஷனில் 0.5 விழுக்காடு, பீட்டா வடிவம் முகக் களிம்பில் 7 விழுக்காடு. இந்த வரம்புகளை எங்கிருப்பவரும் தமக்கான உச்ச அளவாகக் கொள்ளலாம். செறிவு கூடினால் பயனும் கூடும் என்று எண்ணி இரண்டு மூன்று ஆர்புட்டின் பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடக் கூடாது.

அதிமதுர வேரில் உள்ள கிளாப்ரிடின் டைரோசினேஸைத் தடுப்பதோடு அழற்சியையும் தணிக்கிறது. அதே வேரிலுள்ள லிக்விரிட்டின், நொதியைத் தடுக்காமல், திரண்டிருக்கும் நிறமியைக் கலைப்பதாகக் கருதப்படுகிறது. எரிச்சல் மிகக் குறைவு என்பதே அதிமதுரச் சாற்றின் பெரிய நன்மை. மென்மையான தோல் உடையவர்களுக்கு இது பொருந்தும். ஆனால் வேரைப் பொடித்து நீரில் கலந்து பூசுவதில் பெரும் பயன் இல்லை. வேரில் கிளாப்ரிடினின் அளவு ஒரு விழுக்காட்டுக்கும் மிகக் குறைவு. மேலும் அது நீரில் கரைவதில்லை, எண்ணெயிலும் ஆல்கஹாலிலுமே கரைகிறது. திட்டு மறையட்டும் என்று அதிமதுரத்தை நாள்தோறும் உட்கொள்வதோ ஆபத்தானது: அதிலுள்ள கிளிசரைசின் இரத்த அழுத்தத்தை உயர்த்தும், பொட்டாசியத்தைக் குறைக்கும்.

வைட்டமின் சி டைரோசினேஸின் செம்போடு இடைவினை புரிகிறது. டோப்பாகுயினோனை மீண்டும் பழைய நிலைக்குத் திருப்புகிறது. வெயிலால் உண்டாகும் ஆக்சிஜனேற்றத்தையும் குறைக்கிறது. எல்-அஸ்கார்பிக் அமிலமாகப் பூசும்போது அதன் பி.எச். அளவு (இது குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) 3.5-க்குக் கீழே இருந்தால்தான் தோலுக்குள் நன்றாகச் செல்லும். 10 முதல் 20 விழுக்காடு வரை போதுமானது. அதற்கு மேல் கூட்டினால் உறிஞ்சப்படும் அளவு கூடுவதில்லை. இது காற்றிலும் ஒளியிலும் விரைவில் கெடும். வெளிர்மஞ்சளாக இருந்த சீரம் பழுப்பாகிவிட்டால் அதைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். எலுமிச்சைச் சாற்றில் வைட்டமின் சி இருக்கிறதே என்று கேட்போர் உண்டு. அதில் இருப்பது ஏறத்தாழ 0.05 விழுக்காடு, சீரத்தில் இருப்பதில் அது இருநூற்றில் ஒரு பங்குக்கு மேல் வராது. எலுமிச்சையால் வரும் தீங்கோ பெரிது. அதைத் தனியாகப் பார்ப்போம்.

சோயா வேறு இடத்தில் வேலை செய்கிறது. அதிலுள்ள டிரிப்சின் தடுப்புப் புரதங்கள், மெலனோசோம்களைக் கெரட்டினோசைட்டுகள் வாங்கிக்கொள்வதற்கு உதவும் ஏற்பியை மறைமுகமாக அடக்குகின்றன. அதனால் நிறமி மேலே ஏறுவது குறைகிறது. இந்தப் புரதங்கள் வெப்பத்தில் செயலிழக்கக்கூடியவை என்பதால் காய்ச்சிய சோயாப்பாலைப் பூசிப் பயன் எதிர்பார்க்க முடியாது. இவை பெரிய மூலக்கூறுகளும்கூட. பதப்படுத்தி நிலைப்படுத்திய சோயாச் சாறு சேர்ந்த ஈரப்பூச்சு ஒன்றை மாதக்கணக்கில் பூசினால் மெல்லிய மாற்றம் கிடைக்கலாம். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

சோற்றுக்கற்றாழையின் அலோயெசின் குறித்து ஒரு சுவையான சோதனை நடந்திருக்கிறது. முன்கையில் புற ஊதாக் கதிர் பாய்ச்சி 15 நாட்கள் பூசியபோது, அலோயெசின் நிறமியை 34 விழுக்காடும், ஆர்புட்டின் 43.5 விழுக்காடும், இரண்டும் சேர்ந்து 63.3 விழுக்காடும் கட்டுப்படுத்தின. வெவ்வேறு வழியில் தடுக்கும் இரண்டு சேர்மங்கள் ஒன்றுக்கொன்று துணையாகும் என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் அலோயெசின் இருப்பது மடலை வெட்டினால் வடியும் கசப்பான சாற்றில். நாம் வழித்தெடுக்கும் தெளிந்த சோற்றில் அது மிகச் சொற்பம். அந்தச் சாற்றை நேரடியாகப் பூசினால் தோல் எரியும். சோறு ஈரப்பதம் தரும்; அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மாதுளையின் எல்லாஜிக் அமிலம், முசுக்கொட்டைக் கிளையின் ஆக்ஸிரெஸ்வெரட்ரால், பச்சைத் தேயிலையின் கேட்டச்சின்கள், மஞ்சளின் குர்குமின் ஆகியவற்றுக்கு ஆய்வகச் சான்று நிறைய இருக்கிறது. மனிதத் தோலில் நடந்த நல்ல ஆய்வுகள் குறைவு. வேறொரு சேர்மத்தோடு துணையாக இருந்தால் வரவேற்கலாம். இவற்றை மட்டுமே நம்பிப் பணம் செலவழிப்பது வீண்.

உட்பொருள் பட்டியலைப் படிக்கும் விதம்

புட்டியின் முகப்பில் இருக்கும் இலைப் படத்தை நம்பாமல் பின்பக்கப் பட்டியலைப் பாருங்கள். உட்பொருள்கள் அளவின் இறங்குவரிசையில் எழுதப்படுகின்றன. ஆனால் ஒரு விழுக்காட்டுக்குக் குறைந்தவற்றை எந்த வரிசையிலும் எழுத விதிகள் இடம் தருகின்றன. பதப்பொருள்களுக்கும் நறுமணத்துக்கும் பின்னால் ஒரு மூலிகைச் சாறு வந்தால், அது பெயருக்குச் சேர்க்கப்பட்டதாகவே இருக்க வாய்ப்பு அதிகம். ‘அதிமதுரச் சாறு 5 விழுக்காடு’ என்று எழுதியிருப்பதும் போதாது, ஏனெனில் அந்தச் சாற்றில் கிளாப்ரிடின் எவ்வளவு என்பது தெரியாது. சேர்மத்தின் பெயரையும் அதன் விழுக்காட்டையும் தெளிவாகச் சொல்லும் தயாரிப்பே தேர்வுக்கு உரியது. நறுமண எண்ணெய்கள் இல்லாததாக இருப்பதும் நல்லது. அவை ஒவ்வாமையைத் தூண்டி, அதன் வழியாகவே புதிய கருமையை உண்டாக்கக்கூடியவை. உட்பொருள் பட்டியலே இல்லாத களிம்பை, அதை யார் செய்து கொடுத்தாலும், வாங்க வேண்டாம்.

பூசும் முறை

புதிய பூச்சை முகத்தில் போடுவதற்கு முன் முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு நாணய அளவு இடத்தில், நாளுக்கு இருமுறை, 7 முதல் 10 நாட்கள் பூசிப் பாருங்கள். ஒருமுறை பூசி ஒருநாள் காத்திருப்பது போதாது. ஒவ்வாமை பல நாட்கள் கழித்தும் வெளிப்படும். சிவப்போ, அரிப்போ, வீக்கமோ வந்தால் அந்தப் பொருள் உங்களுக்கு உகந்ததன்று. கருமை எளிதில் படியும் தோலில் ஒரு சிறு அழற்சிகூட மாதக்கணக்கில் நிற்கும் கறையை விட்டுச்செல்லும் என்பதால், இந்தப் படியைத் தவிர்ப்பது பிரச்சினையை விலைகொடுத்து வாங்குவதாகும்.

சோதனை முடிந்ததும் ஒரே ஒரு சேர்மத்தோடு தொடங்குங்கள். முதல் இரண்டு வாரங்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் இரவில், மென்மையான கழுவியால் முகத்தைக் கழுவி, ஈரம் உலர்ந்தபின் மெல்லிய படலமாகப் பூசி, மேலே ஈரப்பூச்சு இடலாம். எரிச்சல் இல்லையெனில் ஒவ்வோர் இரவும், அதன்பின் தேவைப்பட்டால் காலையிலும். வைட்டமின் சி மட்டும் இதற்கு விலக்கு. அது காலையில் சன்ஸ்கிரீனுக்கு அடியில் இருப்பது பொருத்தம். திட்டில் மட்டும் புள்ளி வைப்பதற்குப் பதிலாக, பருக் கறையாக இருந்தாலொழிய, திட்டு உள்ள பகுதி முழுவதும் சீராகப் பூசுங்கள். இல்லையேல் திட்டைச் சுற்றி வெளிறிய வளையம் தோன்றலாம்.

இரண்டாவது சேர்மத்தைச் சேர்ப்பதாக இருந்தால் குறைந்தது நான்கு வாரங்கள் கழித்து, வேறு கட்டத்தில் வேலை செய்யும் ஒன்றைச் சேருங்கள். காலையில் வைட்டமின் சி, இரவில் அசெலாயிக் அமிலம் என்பது எளிய, நல்ல இணைப்பு. சொரசொரப்பான தேய்ப்பான்கள், கடினமான துவாலை, பரு கிள்ளுதல், மேலுதட்டு மயிரைப் பிடுங்கும்போது ஏற்படும் எரிச்சல் ஆகிய அனைத்தும் எதிர்த்திசையில் இழுப்பவை; அவற்றை நிறுத்தாமல் பூச்சை மாற்றிக்கொண்டே போவதில் பொருளில்லை.

நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, ஒரே சன்னல் வெளிச்சத்தில், ஒரே நேரத்தில், ஒரே கோணத்தில் படம் எடுத்து வையுங்கள். நாள்தோறும் கண்ணாடி பார்ப்பவருக்கு மெல்ல நிகழும் மாற்றம் புலப்படாது. பன்னிரண்டு வாரங்கள் ஒழுங்காகப் பூசியும் படத்தில் வேறுபாடு தெரியவில்லையென்றால் அந்தச் சேர்மத்தை விட்டுவிடலாம். அசெலாயிக் அமிலத்துக்கு மட்டும் ஆறு மாதம் கொடுக்கலாம்.

தோலைக் கருக்கும் தாவரங்கள்

எலுமிச்சை, நாரத்தை, பெர்கமாட் ஆகியவற்றின் தோலிலும் சாற்றிலும், அத்தியின் பாலிலும், செலரி, பார்ஸ்னிப் போன்ற செடிகளிலும் ஃபியூரனோகூமரின் என்ற வகைச் சேர்மங்கள் உள்ளன. சோரலென்கள் இவற்றில் முதன்மையானவை. தோலில் இவை பட்டு, அதன்மேல் புற ஊதா ஏ கதிரும் விழுந்தால், அவை செல்லின் டி.என்.ஏ. இழைகளுக்கு இடையே புகுந்து பிணைந்துகொள்கின்றன. ஒருநாள் கழித்துச் சிவப்பும் கொப்புளமும் தோன்றி, 48 முதல் 72 மணி நேரத்தில் உச்சமடைந்து, பின்னர் அடர்ந்த பழுப்புக் கறையாக மாறி வாரங்கள், சில வேளை மாதங்கள் வரை நிற்கும். சாறு வழிந்த கோட்டின் வடிவிலும், விரல் தடத்தின் வடிவிலும் கறை படிவதுண்டு. குழந்தைகளின் உடலில் இத்தகைய கறையைக் கண்டு யாரோ அடித்துவிட்டார்கள் என்று மருத்துவர்களே ஐயப்பட்ட நிகழ்வுகளும் மருத்துவ இலக்கியத்தில் உள்ளன. ஆகவே நிறத்தைக் குறைப்பதற்கென்று எலுமிச்சையைத் தேய்த்துவிட்டு வெயிலில் போவது, வேண்டாததை வரவழைக்கும் நேர்வழி. வெட்டவெளியில் எலுமிச்சை பிழிந்தால் சோப்பால் கையைக் கழுவிய பிறகே வெயிலில் நிற்க வேண்டும். இரவில் பூசினால் பரவாயில்லையா என்றால், அதுவும் வேண்டாம், பி.எச். இரண்டை ஒட்டிய அந்த அமிலம் தோலின் காப்பரணைக் குலைத்துவிடும்.

இதே சோரலென் மருத்துவர் கையில் மருந்தாகிறது. அம்மி மேஜஸ் என்ற செடியின் விதையிலிருந்து பிரித்தெடுத்த மெத்தாக்சிசோரலெனைக் கொண்டு எகிப்தின் தோல் மருத்துவர் எல் மொஃப்டி 1940-களின் இறுதியில் வெண்படைக்குச் சிகிச்சை அளித்தார். சோரலென் கொடுத்து, அளந்த புற ஊதா ஏ கதிரைப் பாய்ச்சும் முறை அதிலிருந்து வளர்ந்தது. இன்று குறும்பட்டைப் புற ஊதா பி சிகிச்சை பெரிதும் அதன் இடத்தைப் பிடித்துவிட்டது. வெண்படை உள்ளவர்கள் கார்போக அரிசி என்ற மூலிகை விதையை அரைத்துப் பூசி வெயிலில் நிற்பது பழைய வழக்கமாக இருந்தாலும், சோரலெனின் அளவும் வெயிலின் அளவும் தெரியாமல் செய்வதால் தீக்காயமே மிஞ்சக்கூடும். மிளகின் பைப்பரின் மெலனோசைட்டுகளைப் பெருகச் செய்வதும், புற ஊதாக் கதிரோடு சேரும்போது சீரான நிறத்தைத் தருவதும் எலிகளில் காட்டப்பட்டிருக்கின்றன. அதை வீட்டில் முயல்வதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

தொடக்கத்தில் குறிப்பிட்ட விதை இந்தக் கார்போக அரிசிதான். நிறமியைக் கூட்டும் சோரலெனோடு, பக்குச்சியோல் என்ற மற்றொரு சேர்மமும் அதில் இருக்கிறது. 44 பேரிடம் 12 வாரங்கள் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், 0.5 விழுக்காட்டுப் பக்குச்சியோல், வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த, அதே செறிவுள்ள ரெட்டினாலுக்கு ஈடாகச் சுருக்கத்தையும் நிறமித் திட்டையும் குறைத்தது. தோல் உரிதலும் கூச்சமும் ரெட்டினால் பூசியவர்களிடமே அதிகம். எனவே தூய்மையாக்கி சோரலென் நீக்கப்பட்ட பக்குச்சியோல் பூச்சு வேறு, விதையை அரைத்த விழுது வேறு. முன்னதற்காகச் சொல்லப்படும் பயனை எண்ணிப் பின்னதைப் பூசுவது நேர்மாறான விளைவைத் தரும். கருவுற்றவர்களிடம் பக்குச்சியோல் போதுமான அளவு ஆராயப்படாததால், அந்தக் காலத்தில் அசெலாயிக் அமிலத்தோடும் வைட்டமின் சி-யோடும் நின்றுகொள்வது நல்லது.

நிறுத்த வேண்டிய தருணங்கள்

பூர்ச்ச மரப்பட்டையிலும் ஒருவகை மேப்பிள் மரத்திலும் காணப்படும் ரோடோடென்ட்ரால் என்ற சேர்மத்தை நிறமி குறைக்கும் பொருளாக 2008-இல் ஜப்பான் அரசு அனுமதித்தது. 2 விழுக்காடு சேர்த்த பூச்சுகள் பரவலாக விற்பனையாயின. பூசிய பலருக்கு முகத்திலும் கழுத்திலும் வெண்திட்டுகள் தோன்றியதால் 2013 ஜூலையில் அவை திரும்பப் பெறப்பட்டன. பாதிக்கப்பட்டவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். காரணம் பின்னர் தெளிவானது: டைரோசினேஸ் இந்தச் சேர்மத்தையே தன் மூலப்பொருளாக எடுத்துக்கொண்டு நச்சுக் குயினோனாக மாற்ற, அது மெலனோசைட்டைக் கொன்றது. அரசின் சோதனைகளைக் கடந்துவந்த தூய தாவரச் சேர்மத்துக்கே இந்தக் கதி என்றால், பூச்சு தொடங்கியபின் வெண்புள்ளி ஒன்று தோன்றினாலும் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்பதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை.

ஒரு வாரத்தில் நிறம் வெளுக்கும் ‘மூலிகை’க் களிம்புகளைச் சந்தேகிக்க வேண்டும் என்றதற்குக் காரணம், அவற்றில் பலவற்றில் பாதரசமோ, வலிமை மிக்க ஸ்டீராய்டோ, ஹைட்ரோகுயினோனோ மறைமுகமாகக் கலக்கப்பட்டிருப்பது கண்டறியப்பட்டுள்ளது. பாதரசம் டைரோசினேஸை முடக்கி உடனடிப் பலன் காட்டும். சிறுநீரகத்தையும் நரம்புகளையும் கெடுக்கும். ஸ்டீராய்டு கலந்திருந்தால் தோல் மெலிதல், சிவந்த நுண்ணிய இரத்தக் குழாய்கள் தெரிதல், முகத்தில் மயிர் வளர்தல், திடீர்ப் பருக்கள் ஆகியவை தோன்றும். பூசாத நாளில் முகம் எரியும். இந்த அறிகுறிகள் இருந்தால் திடீரென்று நிறுத்துவதும் துன்பம் தரும் என்பதால், களிம்பையும் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போய்ப் படிப்படியாக நிறுத்தும் முறையைக் கேட்டறிய வேண்டும். ஹைட்ரோகுயினோனை மேற்பார்வையின்றி நெடுங்காலம் பூசினால் ஓக்ரனோசிஸ் என்ற நீலக்கறுப்பு நிறமேற்றம் வரக்கூடும். அதைப் போக்குவது மங்கைப் போக்குவதைவிடப் பன்மடங்கு கடினம்.

இவை எதுவும் நேராமல் திட்டு மங்கிவந்தால், பூச்சை ஒரேயடியாக விடாமல் வாரத்துக்கு இரண்டு மூன்று இரவுகளாகக் குறைத்துக்கொள்ளலாம். மங்கு உள்ளவர்கள் சன்ஸ்கிரீனை மட்டும் எந்தப் பருவத்திலும் குறைக்கக் கூடாது. கோடையில் ஓரிரு வாரம் விட்டாலே, மாதக்கணக்கில் மங்கியது மீண்டும் தலைகாட்டும். ஆறு மாதம் கழிந்தும் மாற்றமில்லாத திட்டு ஆழத்தில் இருக்கலாம். அதற்கு மருத்துவர் தரும் பிற சிகிச்சைகளைப் பற்றிப் பேசும்போது, இதுவரை பூசியவற்றின் பெயர்களையும் நீங்கள் எடுத்துவைத்த படங்களையும் உடன் கொண்டுசெல்லுங்கள்.